துணையும் சுதந்திரமும்

"எனக்குப் பின் இவனுக்கு யார்?" ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பெற்றவர்கள் நெஞ்சில் சுமக்கும் கேள்வி இது. பிள்ளை சிறியவனாய் இருக்கும்வரை பள்ளி, பயிற்சி என்று நாட்கள் ஓடிவிடுகின்றன. அவன் வளர்ந்து ஆளாகி, தாய்க்குத் தலை நரைக்கும்போதுதான் அந்தக் கேள்வி தூக்கத்தைக் கெடுக்கிறது.

வெண்ணந்தூரில் ஒரு நெசவாளர் வீட்டு அம்மாள் இதை என்னிடம் கேட்டார். மகனுக்கு வயது 26. தார் சுற்றுவதில் அவன் கை பிசகாது. ஆனால் கடைக்குத் தனியாகப் போனதில்லை, வீட்டார் விட்டதில்லை. "ஒண்ணொண்ணுக்கும் ஆள் வேணுமுங்க. இவனுக்குச் சுதந்திரம் எதுக்குங்க?" என்றார்.

பாசம்தான் அப்படிப் பேச வைக்கிறது. ஆயினும் அந்தப் பேச்சுக்குள் ஒரு கருத்து ஒளிந்திருக்கிறது. பிறர் துணை வேண்டாதவனுக்கே சுதந்திரம் உரியது என்னும் கருத்து அது. அது மெய்யானால் நம்மில் யாருக்குச் சுதந்திரம் உண்டு? கைத்தறியையே பாருங்கள். ஒருவர் பாவு ஓட்டுகிறார். ஒருவர் அச்சுப் பிணைக்கிறார். ஒருவர் தார் சுற்றுகிறார். அதன் பிறகே நெய்பவர் தறியில் அமர்கிறார். அவரைப் பிறர் கையை எதிர்பார்த்து வாழ்பவர் என்று யாரும் சொல்வதில்லை. நமக்குக் கிடைக்கும் துணை நம் கண்ணில் படுவதில்லை. அவனுக்கு வேண்டிய துணை மட்டும் பெரிதாகத் தெரிகிறது.

1943-இல் லியோ கன்னர் என்னும் மருத்துவர் ஆட்டிசத்தை விவரித்து எழுதினார். அவர் முதலாவதாகக் குறித்த சிறுவன் டொனால்ட் டிரிப்லெட். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் வாழ்ந்தவர். ஊர் வங்கியில் பல்லாண்டுகள் வேலை பார்த்தார்; 27 வயதில் கார் ஓட்டக் கற்றார்; பல நாடுகளைச் சுற்றி வந்தார்; 2023-இல், 89-ஆம் வயதில் மறைந்தார். அவர் குடும்பம் வசதியான குடும்பம்தான். ஆனால் பணம் மட்டும் அந்த வாழ்வைத் தந்துவிடவில்லை. ஊரார் அவருடைய வழக்கங்களை அறிந்து, அவற்றோடு அவரை ஏற்றுக்கொண்டார்கள்.

நம் சட்டமும் இந்த வழியில்தான் நகர்ந்திருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் காப்பாளரை நியமிக்க வழி செய்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, வரையறுக்கப்பட்ட காப்பாளர் என்பவர் அவரோடு கலந்து, அவர் விருப்பப்படி முடிவு செய்ய வேண்டும் என்கிறது. துணை இருக்கலாம், முடிவு அவருடையதாக இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. சாலை உண்டு, கயவர்களும் உண்டு. அவற்றுக்குக் காவல் வேண்டும். ஆனால் எல்லா ஆபத்தும் ஒரே அளவல்ல. கடையில் சில்லறை குறைந்தால் போவது ஐந்து ரூபாய். கடைக்கே போகாமல் இருந்தால் போவது ஓர் ஆயுள். முதல் நாள் கூடவே போகலாம். பிறகு தெருமுனையில் நிற்கலாம். பிறகு வாசலில் காத்திருக்கலாம். துணை அப்படித்தான் சிறிது சிறிதாக விலக வேண்டும்.

"எனக்குப் பின் யார்?" என்பதற்கு ஓர் ஆளைத் தேடுகிறோம். அந்த ஓர் ஆளுக்கும் வயதாகும். கடைக்காரர், முடிதிருத்துபவர், பக்கத்து வீட்டார், உடன் வேலை செய்பவர் எனப் பலர் அவனை அறிந்திருக்க வேண்டும். அவனும் அவர்களை அறிந்திருக்க வேண்டும். அந்தப் பழக்கம் உண்டாக ஆண்டுகள் பிடிக்கும். தாய் உயிரோடு இருக்கும்போதே தொடங்கினால்தான் அந்த ஆண்டுகள் கிடைக்கும்.