எழுத்தாளனும் சபையும்

தனிமையில் பிறக்கும் எழுத்துக்குச் சபை எதற்கு என்ற கேள்வி, எழுத்தாளர் சங்கங்களின் மாதக் கூட்டங்களுக்குப் போய்வருகிறவர் உள்ளத்தில் என்றேனும் ஒருநாள் எழாமல் இராது. மாதத்தின் ஒரு சனிக்கிழமையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ, வாசகசாலையின் மாடியிலோ பள்ளிக்கூடத்து வகுப்பறையிலோ இருபது முப்பது பேர் கூடுகிறார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, உறுப்பினர் வாசிக்கும் கவிதையும் கதையும், வெளியூரிலிருந்து வந்த சிறப்புப் பேச்சாளரின் சொற்பொழிவு, பொன்னாடை, நன்றியுரை என்ற வரிசையில் மாலைப்பொழுது கழிகிறது. அடுத்த மாதமும் அதே வரிசை, அதே நாற்காலிகள், பெரும்பாலும் அதே முகங்கள். இதனால் எவனுக்கேனும் ஒரு நல்ல வரி எழுத வந்ததுண்டா என்று கேட்பவனை வெறும் விதண்டாவாதி என்று ஒதுக்கிவிட இயலாது. அவன் கேள்விக்கு அடியில் ஒரு தத்துவம் இருக்கிறது. உண்மை என்பது அந்தராத்மாவில் தோன்றும் தரிசனமானால், அதைக் காண்பதற்கு ஏகாந்தமே உகந்தது. கூட்டமோ புகழாசையை வளர்க்கும், அகங்காரத்துக்கு உரமிடும். பலனைக் கருதாமல் கர்மத்தைச் செய் என்ற கீதையின் உபதேசத்தை ஏற்றவன், எழுதி முடித்ததைக் கைதட்டலுக்காகச் சபையில் கொண்டுவந்து வைப்பது முரண் அல்லவா என்பது அவன் வாதம்.

இந்த வாதத்தை எதிர்கொள்ளுமுன் நம் முன்னோர் ஞானத்துக்கு வகுத்த வழியை நினைவுகூர்தல் நலம். பிருகதாரண்யக உபநிஷதத்தில் யாக்ஞவல்கியர் தம் மனைவி மைத்திரேயிக்கு ஆத்ம வித்தையை உபதேசிக்கும்போது, கேட்டல், சிந்தித்தல், தியானித்தல் என்னும் மூன்றையும் அந்த முறையிலேயே சொல்கிறார். சிரவணம், மனனம், நிதித்தியாசனம் என்று வேதாந்திகள் பின்னாளில் வழங்கிய மும்மைக்கு அதுவே மூலம். ஏகாந்தத்தில் நிகழும் தியானம் மூன்றாவது படியேயன்றி முதற்படியன்று. திருவள்ளுவரும் கல்வியைச் சொல்லி, கல்லாமையைச் சொல்லி, உடனே கேள்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். பிறகு பொருட்பாலிலேயே அவையறிதல், அவையஞ்சாமை என்று 72-ஆம், 73-ஆம் அதிகாரங்களில் சபையின் இயல்பையே ஆராய்ந்தார். ஆயினும் இவ்வளவும் கேள்வியின் பெருமையை நாட்டுமேயன்றி, நாள் குறித்து மீண்டும் மீண்டும் கூடுவதன் அவசியத்தை நாட்டாது. ஒரு குருவின் காலடியில் அமர்ந்தும் கேட்கலாமே! கூட்டம் எதற்கு, அதுவும் மாதந்தோறும் எதற்கு?

இதற்கு விடையைப் பௌத்த சங்கத்தின் பழைய வரலாறு ஒன்று தெளிவாகத் தருகிறது. விநயபிடகத்தின் மகாவக்கம் சொல்வது இது: ராஜகிருகத்தில் பகவான் புத்தர் தங்கியிருந்த காலத்தில், மகதத்தை ஆண்ட பிம்பிசாரன் அவரிடம் வந்து, பிற சமயத் துறவிகள் பக்ஷந்தோறும் எட்டாம், பதினான்காம், பதினைந்தாம் நாட்களில் கூடித் தம் தருமத்தைப் பேசுகிறார்கள், ஜனங்கள் போய்க் கேட்டு அவர்களிடம் அன்பும் சிரத்தையும் கொள்கிறார்கள், நம் பிக்ஷுக்களும் அவ்வாறு கூடினால் நலமாயிற்றே என்று விண்ணப்பித்துக் கொண்டான். புத்தர் அதற்கு இசைந்தார். பிக்ஷுக்கள் கூடினார்கள், கூடி, ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். தருமம் கேட்க வந்த ஜனங்கள், இவர்கள் ஊமைப் பன்றிகளைப் போல் உட்கார்ந்திருக்கிறார்களே என்று குறைகூறினார்கள். அதன் பிறகே, கூடிய இடத்தில் தருமம் பேசவேண்டும் என்ற விதி பிறந்தது. அதற்கும் பிறகு, துறவியின் ஒழுக்க விதிகளைச் சபை நடுவே ஓதி, குற்றம் உடையவன் அதை வெளிப்படுத்தவேண்டும் என்ற உபோசத முறை நிலைபெற்றது. கூட்டம் என்ற ஏற்பாடு எத்தனை சாதாரணமான தேவையிலிருந்து எழுந்து, எவ்வளவு ஆழமான ஆன்மிக சாதனமாக வளர்ந்தது என்பது இங்கே விளங்குகிறது.

அந்த வரலாற்றின் சிகரம் மகாகப்பினரின் சரிதத்தில் இருக்கிறது. மத்தகுச்சி என்னும் மான்வனத்தில் ஏகாந்தமாக இருந்த அந்த மகாதேரருக்கு, நானோ பரம பரிசுத்தி அடைந்தவன், உபோசதத்துக்குப் போகவேண்டுமா, வேண்டாமா என்ற எண்ணம் தோன்றிற்று. நமது ஏகாந்தவாதி கேட்ட கேள்வியேதான் இது. ஆனால் கேட்டவர் அதைக் கேட்கும் யோக்கியதை முழுவதும் பெற்றவர். அவர் எண்ணத்தை அறிந்து எதிரே தோன்றிய புத்தர், உமக்குப் பரிசுத்தி போதாது என்று சொல்லவில்லை; உங்களைப் போன்றவர்களே உபோசதத்தை மதித்துப் போற்றாவிட்டால் வேறு யார் போற்றுவார், நீர் போகத்தான் வேண்டும் என்று கட்டளையிட்டார். சபையினால் தனக்கு என்ன லாபம் என்று கணக்கிடுவது ஆரம்ப நிலை; தன் வருகையால்தான் சபை சபையாகிறது என்று உணர்வது முதிர்ந்த நிலை. தேவையில்லாதவன் வரும்போதே தேவையுள்ளவனுக்குச் சபை பயன்படுகிறது. ஊரில் நான்கு நூல் எழுதிப் பெயர் பெற்றுவிட்ட எழுத்தாளர் மாதக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திக்கொள்ளும் வேளையில், முதற் கவிதையைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வந்து கடைசி வரிசையில் அமரும் இளைஞன் இழப்பது எவ்வளவு என்பதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இனி, சபை அகங்காரத்தை வளர்க்கும் என்ற ஆக்ஷேபத்தைப் பார்ப்போம். தமிழில் வழங்கும் சபை வரலாறுகளுள் முதன்மையானது இறையனார் அகப்பொருள் உரை கூறும் கதை. பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சத்துக்குப் பிறகு பொருளிலக்கணம் வல்லாரைக் காணாமல் பாண்டியன் வருந்த, ஆலவாய் இறைவன் அறுபது சூத்திரங்களைச் செய்து செப்பேட்டில் அருளினான். சங்கப் புலவர் நாற்பத்தொன்பதின்மரும் அதற்கு உரை கண்டனர். ஒவ்வொருவரும் தம் உரையே மெய்யுரை என்றனர். எழுதுவோர் கூடிய இடத்தில் அன்று நிகழ்ந்தது இன்றும் நிகழ்வதே! தீர்ப்புச் சொல்லக் காரணிகன் வேண்டுமென்று அரசனைக் கேட்க, உங்களுக்கு ஒப்பாரே இல்லாதபோது உங்களை ஆராய எவரைத் தேடுவேன் என்று அவன் கைவிரித்தான். இறைவனிடம் முறையிட்டனர். அவன் காட்டியதோ உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயதுக் குழந்தையை, அதுவும் ஊமைக் குழந்தையை. அப்பிள்ளையை ஆசனத்தில் இருத்தி, புலவர்கள் கீழே இருந்து ஒவ்வொருவராக உரைத்தனர். மருதன் இளநாகனார் உரைத்தபோது சிற்சில இடங்களில் அவனுக்கு மெய்சிலிர்த்துக் கண்ணீர் வந்தது. நக்கீரர் உரைத்தபோதோ சொல்தோறும் கண்ணீர் வார்ந்தது. அதுவே மெய்யுரை என்று தெளிந்தனர்.

இக்கதையைச் சரித்திரம் என்று கொள்வாரும் புராணம் என்று கொள்வாரும் தத்தம் வழியே கொள்க. அதன் உட்பொருள் ஒன்றே. நூலைச் செய்தவன் இறைவனே ஆயினும், அது மனிதர் காதில் விழுந்து மனிதர் கண்ணில் நீராகாத வரையில் நிறைவு பெறவில்லை. சேக்கிழாருக்கு முதற்சொல்லை எடுத்துக் கொடுத்தவன் தில்லைக்கூத்தன் என்பது சைவர் மரபு. அப்படியிருந்தும் ஆயிரக்கால் மண்டபத்தில், சித்திரைத் திருவாதிரை தொடங்கி அடுத்த சித்திரைத் திருவாதிரை வரையில் அடியார் நடுவே அவர் நூல் அரங்கேற வேண்டியிருந்தது. மேலும், நாற்பத்தொன்பது புலவரின் அகங்காரமும் அவர்கள் தனித்தனியே ஏட்டைக் கையில் வைத்திருந்தபோது வளர்ந்ததேயன்றிச் சபையில் வளரவில்லை. பேசத் தெரியாத ஒரு குழந்தையின் முன் அமர்ந்தபோது அது அடங்கிற்று. தனித்திருந்து எழுதுகிறவன் தனக்குக் கேட்பாரே இல்லை என்று நினைத்துக்கொள்கிறான். உண்மையில் அவன் மனத்துக்குள் ஒரு சபை இடைவிடாமல் கூடியிருக்கிறது. அங்கே அவன் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் கரகோஷம் எழுகிறது. அங்கே எவரும் கொட்டாவி விடுவதில்லை, எவரும் எழுந்து போவதில்லை. அந்தக் கற்பனைச் சபையைக் கலைக்க மெய்யான சபை ஒன்றால்தான் முடியும். கதையை உரக்க வாசிக்கும்போது எதிரே இருப்பவரின் கண் எந்த வரியில் சன்னலை நாடிற்று என்று கண்டவனுக்கு, எந்த வரியை அடிக்கவேண்டும் என்று வேறொருவர் சொல்லவேண்டியதில்லை. பலனைத் துறக்க விரும்புகிறவன் பலன் இன்னதென்று கண்டாக வேண்டும்; கைக்கு வராத ஒன்றைத் துறந்துவிட்டேன் என்பது துறவாகாது.

வெளியூர்ப் பேச்சாளரை அழைப்பதன் தாத்பரியமும் இங்கேயே விளங்கும். மாதந்தோறும் கூடுவோர், நாளடைவில் ஒரே ரசனையும் ஒரே வெறுப்பும் உடையவராகிவிடுவது இயற்கை. அந்தச் சமரசம் பார்வைக்கு இனியது, அறிவுக்குத் தீயது. மணிமேகலையை வஞ்சி நகரில் நிறுத்தி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி எனப் பலர் வாயாலும் அவரவர் சமயத்தைக் கேட்கவைத்த பிறகே, காஞ்சியில் அறவண அடிகளிடம் அவளைச் சேர்க்கிறார் சாத்தனார். அவள் அடையவேண்டிய முடிவு கவிஞருக்கு முன்பே தெரியும்; ஆயினும் மாற்றாரைக் கேளாமல் அடைந்த முடிவு முடிவாகாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. நமக்கு உடன்பாடில்லாத கொள்கையுடைய ஒருவரை அழைத்து, இடைமறிக்காமல் ஒரு மணி நேரம் கேட்டிருப்பது ஒரு சங்கம் செய்யக்கூடிய தவங்களுள் சிறந்தது.

நம் காலத்தில் இதை ஒழுங்காக நடத்திக் காட்டியவர்களும் உண்டு. சென்னையில் 1970-இல் தோன்றிய இலக்கியச் சிந்தனை அமைப்பு, பத்திரிகைகளில் வெளியாகும் சிறுகதைகளிலிருந்து மாதத்துக்கு ஒன்றைத் தேர்ந்து, அவ்வாறு தேர்ந்த பன்னிரண்டிலிருந்து ஆண்டின் சிறந்த கதையை அறிவிப்பதை வழக்கமாகக் கொண்டது. எழுதியவனை மேடையேற்றுவதற்கு முன், எழுதப்பட்டதை ஒருவர் பொறுமையாக வாசித்தாக வேண்டும் என்ற நியதி அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

ஆகவே குறை கூட்டத்தில் இல்லை. கூடும் முறையில் உண்டு. தன் கவிதையை வாசித்ததும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வெளியேறும் உறுப்பினனும், தான் பேசவந்த பொருளை மறந்து தன் பிரதாபத்தை விரிக்கும் பேச்சாளனும், விருந்தினரின் நூலில் ஒரு பக்கமும் படிக்காமல் வரவேற்புரையில் அவரை மகாகவி ஆக்கிவிடும் செயலாளரும், சபை என்னும் சாதனத்தைச் சடங்காக்கிவிடுகிறார்கள். சடங்கானதனாலேயே ஒரு தருமத்தைக் கைவிட்டுவிடலாகாது; அதற்குப் பழைய உயிரைத் திரும்ப ஊட்டுவதே அறிவுடையோர் கடமை. உங்கள் ஊரில் எழுத்தாளர் கூட்டம் ஒன்று நடக்குமாயின் இந்த மாதம் போய்வாருங்கள். பேசவருகிறவரின் நூலை முன்னதாகப் படித்துக்கொண்டு போங்கள். உங்கள் முறை முடிந்த பிறகும் கடைசி ஆள் வாசித்து முடிக்கும் வரையில் உட்கார்ந்து கேளுங்கள். கூட்டத்தினால் உங்களுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை என்று தோன்றினால், அவசியம் போங்கள்.