கடன் வாங்கிக் கழித்தல்

பிள்ளைகளின் கல்வியைப் பற்றி நான் பல மேடைகளில் பேசியிருக்கிறேன். பள்ளிக்கூடம் ஒரு கொட்டடி, ஆசிரியர்கள் மணியடித்தால் நடக்கும் பொம்மைகள், பெற்றவர்களே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் குழந்தை மலர்போல் மலரும் என்றெல்லாம் சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். ஒரு நாளாவது சொல்லிக்கொடுத்துப் பார்த்தவன்தான் இதைப் பேசலாம் என்ற நிபந்தனையை எந்த மேடையும் எனக்கு விதிக்கவில்லை. அந்த நிபந்தனையை மழைதான் விதித்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை ஒட்டி நின்று பெய்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஞாயிறு இரவு தொடங்கிய மழை திங்கட்கிழமை முழுதும் கொட்டியது. புயல் மறுநாள் ஆந்திராவில் பாபட்லா அருகே கரையைக் கடந்து போய்விட்டது. தண்ணீர் மட்டும் எங்கள் வேளச்சேரித் தெருவைவிட்டுப் போகவில்லை. நாங்கள் குடியிருப்பது இரண்டாவது மாடி. கீழே வண்டிகள் மூழ்கிக் கிடந்தன. படகு வந்தது, பால் வரவில்லை. மின்சாரம் இல்லை, ஆகவே கைப்பேசியும் இல்லை. என் மனைவி செவிலி. ஞாயிறு மாலை பணிக்குப் போனவள் வியாழக்கிழமைதான் வீடு வந்து சேர முடிந்தது. வீட்டில் நான், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகன். அரையாண்டுத் தேர்வு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தது.

கொரோனாக் காலத்திலும் பள்ளிகள் மூடித்தான் கிடந்தன. ஆனால் அப்போது கைப்பேசி ஆசிரியராக இருந்தது. நான் அதற்கு மின்னேற்றம் செய்யும் ஏவலாள். இந்தத் தடவை ஆசிரியர் நாற்காலி உண்மையாகவே காலியாக இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை நான் அதில் உட்கார்ந்தேன்.

நியாயமாக நடக்க வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். பெரியவளுக்கு ஒரு மணி, சின்னவனுக்கு ஒரு மணி என்று மாற்றி மாற்றிக் கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். பத்து நிமிஷத்தில் அட்டவணை செத்துப்போயிற்று. பெரியவளின் ஒரு மணி நேரத்தில் சின்னவன் ஆறு தடவை தண்ணீர் கேட்டான், மூன்று தடவை படகு பார்க்க ஓடினான், இரண்டு தடவை அழுதான். சின்னவனின் ஒரு மணி நேரத்தில் பெரியவள் ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடவில்லை. சாயங்காலம் கணக்குப் பார்த்தால், சமமாகப் பங்கிட்ட பகல் முழுவதையும் ஒருவனே தின்றிருந்தான். அதில் அநியாயம் இருப்பதாக எனக்கு அப்போது படவில்லை. கேட்கிற பிள்ளைக்குத்தானே கொடுக்க முடியும் என்று நினைத்துக்கொண்டேன்.

சின்னவனுக்குக் கழித்தல் கணக்கு. நாற்பத்திரண்டில் பதினேழு போனால் எவ்வளவு?

"ரெண்டுல ஏழு போகாது. அதனால பக்கத்துல இருக்கிற நாலுகிட்ட ஒண்ணு கடன் வாங்கணும்" என்றேன். என் வாத்தியார் எனக்குச் சொன்னதும் அதுதான்.

"வாங்கினா எப்பத் திருப்பித் தரணும்?" என்று கேட்டான்.

"தர வேண்டாம்."

"அப்ப அது கடன் இல்லயே, திருட்டுதானே?"

நான் சிரித்தேன். சிரிப்பைத் தவிர என்னிடம் பதில் இல்லை. கடன் என்ற சொல்லைக் கொடுத்துவிட்டு, திருப்பித் தர வேண்டாம் என்றும் சொன்னால் எட்டு வயதுப் பிள்ளையின் தர்மபுத்தி ஏற்கவில்லை. புதன்கிழமை காலைவரை அவன் அந்தக் கணக்கைப் போட மறுத்துவிட்டான்.

புதன்கிழமை பெரியவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் சட்டைப்பையிலிருந்து நான்கு பத்து ரூபாய் நோட்டுகளையும் இரண்டு ஒரு ரூபாய்க் காசுகளையும் எடுத்து வைத்தாள். "எனக்குப் பதினேழு ரூபாய் குடு பாக்கலாம்" என்றாள். அவன் ஒரு நோட்டைக் கொடுத்தான்; ஏழு ரூபாய்க்குக் காசு போதவில்லை. "இந்த நோட்டை மாத்திக்கோ" என்று இன்னொரு நோட்டை வாங்கிக்கொண்டு உண்டியலைத் திறந்து பத்துக் காசு எண்ணி வைத்தாள். "கடனும் இல்ல, திருட்டும் இல்லடா. சில்லறை மாத்துறோம், அவ்வளவுதான்." பையன் முகத்தில் ஒரு விளக்கு ஏறியது. அன்று மட்டும் முப்பது கணக்குப் போட்டான்.

நான் அசந்துபோனேன். நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருந்தானே, மூத்த மாணவன் இளையவர்களுக்குச் சொல்லித்தருவானே, அந்த முறையின் பெருமை இதுதான் என்று மனத்துக்குள் ஒரு பிரசங்கமே தொடங்கிவிட்டது. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789-இல் சென்னையில் அநாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தி, பெரிய பிள்ளைகளைக் கொண்டே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வைத்தார். 1797-இல் அதைப் புத்தகமாக எழுதினார். இங்கிலாந்தில் அதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர் விழுந்தது. மேலும் கீழும் உள்ள இரண்டு வகுப்புகளை ஒரே கூரையின்கீழ் நடத்தும் வித்தையை உலகத்துக்கே சென்னை கற்றுக்கொடுத்தது. என் மகள் எனக்குக் கற்றுக்கொடுத்தாள். நாற்காலியை அவளிடம் விட்டுவிட்டு நான் பால்கனியில் உட்கார்ந்து, பாதியில் நின்ற என் கதையைத் தொடர்ந்தேன். வியாழக்கிழமையும் அப்படியே நடந்தது.

அன்று மாலை முழங்காலளவு நீரில் நடந்து மனைவி வந்து சேர்ந்தாள். அவள் ஈரப் புடவையை மாற்றுவதற்குள் நான் சில்லறைக் கதையைப் பெருமையோடு சொல்லி முடித்தேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"எங்க வீட்லயும் நான்தாங்க மூத்தவ. மூணு தம்பி தங்கச்சிக்கும் நான்தான் சொல்லித்தந்தேன். எங்கப்பாவும் இப்படித்தான் ஊரெல்லாம் பெருமையாச் சொல்லுவாரு. பத்தாவதுல கணக்குல நான் எவ்வளவு வாங்கினேன்னு மட்டும் அவர் சொல்லமாட்டாரு."

வெள்ளிக்கிழமை காலை பெரியவளின் கணக்கு நோட்டைப் புரட்டினேன். ஞாயிற்றுக்கிழமைத் தேதியோடு நின்றிருந்தது. இரண்டின் வர்க்கமூலம் விகிதமுறா எண் என்பதற்கான நிரூபணம் முதல் வரியோடு பாதியில் கிடந்தது.

"இத ஏம்மா எங்கிட்ட கேக்கல?" என்றேன்.

அவள் கொஞ்சம் தயங்கினாள். "உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்ப்பா. கேட்டா நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான்..."

நான் கல்லூரியில் இரண்டாண்டோடு படிப்பை நிறுத்தியவன். அந்தக் குறையை என் எழுத்து மறைத்துவிட்டதாக இருபது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் ஒரு குழந்தை அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, தெரியாததுபோல் என் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அவளை நான் சட்டாம்பிள்ளை ஆக்கியது அவள் திறமையைக் கண்டு மட்டும்தானா? ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் திறக்கும் நேரத்தைத் தள்ளிப்போடவும்தானே? நேர்மையாக யோசித்தால் எனக்கே வெட்கமாக இருந்தது.

இந்த இடத்தில் காந்தியடிகளின் நினைவு வந்தது. 1897-இல் அவர் டர்பனில் இறங்கியபோது ஒன்பது வயது ஹரிலாலும் ஐந்து வயது மணிலாலும், தமக்கை மகனான பத்து வயதுச் சிறுவனும் உடன் இருந்தார்கள். ஐரோப்பியப் பிள்ளைகளின் பள்ளியில் சலுகையாக இடம் கிடைத்திருக்கும். மற்ற இந்தியப் பிள்ளைகளுக்கு இல்லாத சலுகை தம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று அவர் மறுத்தார். வீட்டிலேயே ஓர் ஆங்கில ஆசிரியையை அமர்த்திப் பார்த்தார். தாமும் சொல்லித்தந்தார், ஆனால் முறையாக நேரம் ஒதுக்க முடியவில்லை. பிள்ளைகளுக்கு இதில் குறை உண்டு என்பதைச் சத்திய சோதனையில் அவரே எழுதுகிறார். அப்படியும் தம் முடிவு தவறு என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஹரிலால் 1911-இல் தந்தையைப் பிரிந்து, படிப்பதற்காக இந்தியா வந்தார். தந்தைக்கும் மகனுக்கும் நேர்ந்த பிளவு பிறகு முழுமையாக ஆறவே இல்லை.

மகாத்மாவின் பக்கம் ஒரு தர்மம் இருந்தது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்தத் தர்மத்துக்கு விலை கொடுத்தவர்கள் பிள்ளைகள் அல்லவா? உயர்ந்த கொள்கைக்காகவே ஆனாலும் ஒருவருடைய பங்கை எடுத்து இன்னொரு கணக்கில் சேர்க்க நமக்கு உரிமை உண்டா? அவர் விஷயத்தில் அந்தக் கேள்விக்கு இரண்டு பக்கமும் வாதாடலாம். என் விஷயத்தில் வாதமே கிடையாது. என்னிடம் கொள்கை இல்லை. கூச்சமும் சோம்பலும்தான் இருந்தன.

சொல்லிக்கொடுப்பவரும் கற்றுக்கொள்கிறாரே, பெரியவளுக்கும் அது லாபம்தானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். சில்லறை கணக்கைக் கண்டுபிடித்தபோது அவளுக்கு உண்டான சந்தோஷம் பொய்யில்லை. ஆனால் முதல் நாள் அவளாக வந்து உட்கார்ந்தாள். இரண்டாம் நாள் நானாக உட்கார வைத்தேன். முதல் நாள் செய்தது அன்பு. இரண்டாம் நாள் அது வேலையாகிவிட்டது. நல்ல பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்த மாற்றம் சத்தமில்லாமல் நடக்கிறது. அழுகிற பிள்ளைக்கு நேரம் கிடைக்கிறது, அடங்கிய பிள்ளைக்குப் பாராட்டு கிடைக்கிறது. பாராட்டினால் யாருக்கும் வர்க்கமூலம் புரிந்துவிடாது. மூத்தது பெண்ணாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்; அவள் பொறுமையை அவள் சுபாவம் என்றே எழுதி வைத்துவிடுகிறோம்.

சமமாக நடத்துவது என்றால் இருவருக்கும் ஒரே அளவு கொடுப்பது என்று நினைத்து அட்டவணை எழுதினேன். அது தோற்றது. கேட்பவருக்குக் கொடுப்பதே நியாயம் என்று பிறகு நினைத்தேன். அதுவும் தோற்றது. கேட்காதவர் ஏன் கேட்கவில்லை என்று போய் விசாரிப்பதுதான் நியாயத்தின் முதல் வேலை என்று வெள்ளிக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. நாற்பதைத் தாண்டியவனுக்கு அது சீக்கிரம் தெரிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

சனிக்கிழமை சின்னவனை அவன் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, பெரியவளோடு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். "எனக்குத் தெரியாதும்மா. சேந்து படிப்போம்" என்றேன். அதைச் சொல்வதற்கு முன்பு இருந்த கனம் சொன்ன பிறகு இல்லை. வரிவரியாகப் படித்தோம். வர்க்கமூலம் ஒரு பின்னம் என்றே வைத்துக்கொள். இனிச் சுருக்க முடியாத அளவுக்கு அதைச் சுருக்கிவிடு. அப்படிப் பார்த்தால் மேலே உள்ள எண் இரட்டைப்படையாக இருந்தாக வேண்டும். அது இரட்டைப்படை என்றால் கீழே உள்ளதும் இரட்டைப்படைதான். இரண்டும் இரட்டை என்றால் இன்னும் சுருக்கலாமே! சுருக்க முடியாது என்று முதலில் சொன்னது பொய்யாகிவிட்டது. ஆகவே அப்படி ஒரு பின்னமே கிடையாது. எனக்குப் புரிய இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவளுக்கு முக்கால் மணியில் புரிந்துவிட்டது. மீதி நேரம் அவள் எனக்குச் சொல்லித்தந்தாள். ஆனால் இந்தத் தடவை அவள் பாடத்தை அவள் படித்து முடித்திருந்தாள்.

டிசம்பர் 11, திங்கட்கிழமை பள்ளி திறந்தது. தெருவில் இன்னும் சேற்று வாடை போகவில்லை. சின்னவன் முனகிக்கொண்டே போனான். பெரியவள் பள்ளி வாசலில் தன் சிநேகிதிகளைக் கண்டதும் புத்தகப்பை குலுங்க ஓடினாள். அவள் அப்படி ஓடி நான் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

பள்ளிக்கூடத்தைப் பற்றி மேடைகளில் நான் சொன்ன குறைகளில் பாதி இன்றும் உண்மைதான். அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்ளப் போவதில்லை. ஆனால் ஒன்றை விட்டுவிட்டேன். அங்கே எல்லாருக்கும் ஒரே வயது. தினமும் ஆறேழு மணி நேரம் அவள் யாருக்கும் அக்கா இல்லை. அந்த விடுதலையை என் வீட்டில் அவளுக்கு எப்படிக் கொடுப்பது என்பதுதான் எனக்குக் கிடைத்திருக்கும் வீட்டுப்பாடம். இன்னும் போட்டு முடிக்கவில்லை.