மௌனம் சம்மதமா? தகப்பன்சாமி சொல்லித் தரும் பாடம்

ஓம் சரவணபவ!

இந்தக் கிருத்திகைக்குக் கொஞ்சம் கனமான விஷயத்தை எடுத்துக்கிட்டேன். நல்ல நாளும் அதுவுமா சாவைப் பத்திப் பேசலாமான்னு சிலருக்குத் தோணும். யமபயம் நீங்கணும்னுதானே முருகன் காலைப் பிடிச்சிருக்கோம்? அவன் முன்னாடி அதைப் பேச நமக்கு என்ன பயம்?

மூளைச்சாவு அடைஞ்ச ஒருத்தரோட இதயம், நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் எட்டுப் பேர் வரைக்கும் வாழ வைக்கலாம். ஆனா காத்திருக்கிறவங்க நிறைய, கொடுக்கிறவங்க கொஞ்சம். அதனால உலகத்துல பல நாடுகள் ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கு. உயிரோட இருக்கும்போது ஒருத்தர் "வேண்டாம்"னு பதிவு பண்ணி வைக்கலன்னா, அவருக்குச் சம்மதம்னே எடுத்துக்கறது. இதை அனுமானச் சம்மதம்னு சொல்லலாம். புது ஆப் போடும்போது சில கட்டத்துல அவங்களே டிக் போட்டு வச்சிருப்பாங்க, நாம தேடிப் போய் எடுத்தாத்தான் போகும். அது மாதிரிதான்.

இது எங்கேயோ நடக்கிற விஷயம்னு நினைக்காதீங்க. சிங்கப்பூர்ல இந்தச் சட்டம் 1987லயே வந்தாச்சு. தைப்பூசத்துக்கு டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடி தூக்கிப் போற நம்ம சொந்தங்கள்ல, அந்த நாட்டுக் குடியுரிமையோ நிரந்தர வாச உரிமையோ உள்ள, 21 வயசு முடிஞ்சவங்க எல்லாரும் இந்தச் சட்டத்துக்குள்ள வருவாங்க. வேண்டாம்னா எழுதிக் கொடுத்து விலகிக்கலாம். ஆனா விலகினவங்களுக்கே நாளைக்கு ஒரு உறுப்பு தேவைப்பட்டா, வரிசையில பின்னாடிதான் இடம். இங்கிலாந்துலயும் 2020 மே மாசத்துல இருந்து இதே முறைதான்.

நம்ம நாட்டுச் சட்டம் வேற. 1994ல வந்த உறுப்பு மாற்றுச் சட்டப்படி இங்க சம்மதத்தைக் கேட்டு வாங்கணும். நாலு டாக்டர் கொண்ட குழு, குறைஞ்சது ஆறு மணி நேர இடைவெளியில ரெண்டு தடவை சோதிச்சு மூளைச்சாவை உறுதி பண்ணணும். உறுப்பு மாற்று ஆபரேஷன் பண்ற டாக்டருங்க அந்தக் குழுவுல இருக்கக் கூடாது. அப்புறம் குடும்பத்துக்கிட்ட கேட்கணும். நீங்க உறுதிமொழி அட்டை எடுத்து வச்சிருந்தாலும், நடைமுறையில கடைசிக் கையெழுத்து உங்க வீட்டுக்காரங்களோடதுதான்.

இப்ப கேள்விக்கு வருவோம். உயிர்கள் பிழைக்குதே, நம்ம ஊர்லயும் "சொல்லலன்னா சம்மதம்"னு வச்சிக்கிட்டா என்ன தப்பு?

அந்தப் பக்கத்து நியாயத்தையும் ஒத்துக்கணும். நெத்தி நிறைய திருநீறு பூசறோம். இந்த உடம்பு கடைசியில ஒரு பிடி சாம்பல்னு தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு நமக்கு நாமே சொல்லிக்கறதுதானே அது? சாம்பலாகப் போற இதயம் ஒரு குழந்தைக்குள்ள துடிச்சா முருகன் வேண்டாம்னா சொல்லப் போறான்?

ஆனாலும் எனக்கு ஒரு இடம் இடிக்குது. கீரப்பாளையம் பக்கம் வயல்ல நடவுக்குப் போற ஒரு அம்மாவை நினைச்சுப் பாருங்க. அப்படி ஒரு சட்டம் இருக்குன்னே அவங்களுக்குத் தெரியாது. எந்த இணையதளத்துல போய் "வேண்டாம்"னு பதிவு பண்ணுவாங்க? தெரியாததால பேசாம இருந்தவங்களை, சம்மதிச்சவங்கன்னு எழுதிக்கறது நியாயமா? பள்ளிபாளையத்துல விசைத்தறித் தொழிலாளிங்க கடன் கஷ்டத்துல சிறுநீரகம் வித்த விவகாரத்தை 2025ல அரசாங்கமே விசாரிச்சது. ஏழைகளுக்கு ஏற்கனவே பயம் இருக்கு. கேட்காமலே எடுப்பாங்கன்னு ஆயிட்டா, பெரிய ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்க மாட்டாங்க. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்ச கதைன்னு நம்ம பெரியவங்க சொல்வாங்களே, அதுதான். தேங்காய் உடைஞ்சது உண்மை. ஆனா அது யாரோட தானம்?

அருணகிரிநாதர் கதை ஞாபகம் இருக்கா? திருவண்ணாமலையில பிரபுடதேவராய மன்னனுக்குப் பார்வை போயிடுச்சு. தேவலோகத்துப் பாரிஜாதப் பூ வந்தா பார்வை திரும்பும்னாங்க. அருணகிரியார் தன் உடம்பைக் கோபுரத்துல விட்டுட்டு, இறந்து கிடந்த ஒரு கிளி உடம்புக்குள்ள புகுந்து பூ கொண்டு வரப் பறந்தார். அசையாம கிடந்த உடம்பைப் பார்த்துட்டு சம்பந்தாண்டான் என்ன பண்ணினான்? செத்துட்டார்னு மன்னனை நம்ப வச்சு எரிக்க வச்சுட்டான். பூவோட திரும்பி வந்தவருக்கு உடம்பு இல்ல. கிளியாவே இருந்து கந்தர் அனுபூதி பாடினார்னு நம்ம மரபு சொல்லுது. கிளி கோபுரம்னு பேர் வந்ததே அதனாலதான்.

இந்தக் கதையில ரெண்டு பாடம் இருக்கு. இன்னொருத்தருக்குக் கண் கொடுக்கப் போய் தன் உடம்பையே இழந்தவரை, "உன் உடம்பு எங்கே"ன்னு முருகன் கேட்கல, அப்படியே ஏத்துக்கிட்டான். அதனால உறுப்பைக் கொடுத்தா அடுத்த பிறவியில குறையோட பிறப்போம், மோட்சம் தடைபடும்னு பயப்படுறவங்க அந்தக் கிளியை நினைச்சுக்கோங்க. இது முதல் பாடம். பேச முடியாம கிடக்கிற உடம்புக்கு, அவர் மனசு தெரியாத வேற ஒருத்தர் முடிவெடுத்தது துரோகம். இது ரெண்டாவது. கொடுத்தது கொடை, கேட்காம பண்ணினது கொடை ஆகாது.

கொடைன்னா எப்படி இருக்கணும்னு நம்ம தமிழ்நாடு பார்த்திருக்கு. 2008 செப்டம்பர்ல திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் பைக் விபத்துல மூளைச்சாவு அடைஞ்சான். வயசு 15. அப்பா அசோகன், அம்மா புஷ்பாஞ்சலி ரெண்டு பேருமே டாக்டர். அந்த நிலைமையிலயும் பிள்ளையோட உறுப்புகளைக் கொடுத்தாங்க. போலீஸ் போக்குவரத்தை நிறுத்தி வழி விட, தேனாம்பேட்டையில இருந்து முகப்பேருக்கு அவன் இதயம் போய் ஒரு சின்னப் பொண்ணுக்குப் பொருத்தப்பட்டது. அதுக்கப்புறம்தான் தமிழ்நாட்டுல எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தத் துணிச்சல் வந்தது. 2023 செப்டம்பர்ல, உறுப்பு தானம் செஞ்சவங்களுக்கு அரசு மரியாதையோட இறுதிச்சடங்குன்னு முதலமைச்சர் ஸ்டாலின் அறிவிச்சார். மரியாதை யாருக்கு? கொடுத்தவங்களுக்கு. கொடுத்தாங்கன்னு நாம அனுமானம் பண்ணிக்கிட்டவங்களுக்கு இல்ல.

ஸ்பெயினைப் பாருங்க. 1979லயே அனுமானச் சம்மதச் சட்டம் போட்ட நாடு, உறுப்பு தானத்துல உலகத்துக்கே முன்னோடி. ஆனா நடைமுறையில அங்கயும் குடும்பத்துக்கிட்ட கேட்டுத்தான் செய்றாங்க. பக்குவமா பேசறதுக்குப் பயிற்சி எடுத்தவங்க ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி இருக்காங்க.

அப்போ சட்டத்தை மாத்த வேண்டாம், நாம நிம்மதியா இருக்கலாமா? அங்கதான் நமக்கு வேலையே இருக்கு. சிங்கப்பூர்ல உங்க மௌனத்துக்கு அர்த்தம் "சரி". இங்க பெரும்பாலும் "வேண்டாம்". ரெண்டு இடத்துலயும் அர்த்தம் சொல்றது நீங்க இல்ல. சிதம்பரம் ரோட்டுல ஹெல்மெட் இல்லாம பறக்கிற தம்பி, உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஐசியூ வாசல்ல உங்க அம்மாக்கிட்டதான் வந்து கேட்பாங்க. நீ என்ன நினைச்சேன்னு அவங்களுக்குத் தெரியாது. கொடுத்தாலும் "என் பிள்ளைக்கு இஷ்டம் இருந்துச்சோ என்னவோ"ன்னு அழுவாங்க. கொடுக்கலன்னாலும் அந்த முள் குத்திக்கிட்டே இருக்கும். பெத்தவங்க தலையில அந்தப் பாரத்தை வைக்கலாமா? (ஹெல்மெட்டையும் போடு தம்பி, முருகன் ஒண்ணும் அவசரமா கூப்பிடல.)

இதுக்கு நம்ம சாமியே வழி காட்டியிருக்கான். அப்பா சிவபெருமான் தட்சிணாமூர்த்தியா உட்கார்ந்து மௌனத்தாலயே உபதேசம் பண்ணினார். பிள்ளை முருகன் சுவாமிமலையில என்ன பண்ணினான்? வாயைத் திறந்து அப்பா காதுல சொன்னான். மௌனமே மொழியா இருந்த அப்பாவுக்கே பிள்ளை பேசித்தான் புரிய வைக்க வேண்டியிருந்தது. அதனாலதான் அவன் தகப்பன்சாமி.

நாமளும் அதைச் செய்வோம். சேத்தியாத்தோப்பு வழியா கும்பகோணம் பஸ் ஏறி சுவாமிமலை போய்த்தான் செய்யணும்னு இல்ல, இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது வீட்டுலயே செய்யலாம். "அப்பா, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா உறுப்பைக் கொடுத்துடுங்க, எனக்கு இதுல முழு இஷ்டம்"னு சொல்லுங்க. மனசு ஒப்பலன்னா "எனக்கு வேண்டாம்பா"ன்னும் சொல்லலாம். அதுக்காக முருகன் யாரையும் கோவிச்சுக்க மாட்டான். அப்படியே அவங்க விருப்பத்தையும் கேட்டுக்கோங்க. கொடுக்கிறதா முடிவு பண்ணினா, தமிழ்நாடு அரசோட டிரான்ஸ்டான் தளத்துலயும் பதிவு பண்ணிடுங்க. அம்மா முதல்ல "வாயைக் கழுவு"ன்னு திட்டுவாங்க. திட்டட்டும். சொன்னது மனசுல நிக்கும்.

சிதம்பர ரகசியம் கோயிலுக்குள்ள இருக்கட்டும். நம்ம விருப்பம் வீட்டுல ரகசியமா இருக்க வேண்டாம்.

எல்லாருக்கும் நூறு வயசு கொடுத்து நம்ம பாண்டிய நாயகன் காப்பாத்தட்டும். உறுப்புக்காகக் காத்திருக்கிற ஒவ்வொருத்தருக்காகவும் இன்னைக்கு ஒரு தடவை சரவணபவ சொல்லுங்க.

வேலும் மயிலும் துணை.
முருகா சரணம்!