விளங்காத பாட்டும் விளங்கும் காலமும்

பொருள் விளங்காத பிள்ளைக்குப் பாட்டைப் புகட்டுதல் முறையாகுமா? வீடுகளிலும் முன்பள்ளிகளிலும் நாள்தோறும் நிகழும் எளிய செயலொன்றைப் பற்றிய வினா இது. எளிய செயலாகையால் இவ்வினாவை எழுப்புவோர் அரியர். ஆயினும், மறுத்துரைக்கும் ஆற்றலற்ற ஓர் உள்ளத்தில் நாம் விரும்பியதைப் பதித்துவிடும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது என்னும் அறவியற் பிரச்சினை இதனுள் அடங்கியுள்ளது.

இளமையில் உள்ளம் எப்பதிவையும் எளிதில் ஏற்குமாதலால், குழந்தைகளுக்குக் கூறும் கதைகள் கண்காணிக்கப்பட வேண்டும் எனப் பிளேற்றோ 'குடியரசு' என்னும் நூலிற் கூறினார். 1762இல் வெளிவந்த 'எமில்' என்னும் நூலில் ரூசோ இன்னும் ஒருபடி மேற்சென்றார். லா பொன்தேனின் காகமும் நரியும் பற்றிய செய்யுட்கதையை வரிவரியாக ஆராய்ந்த அவர், அது குழந்தைக்கு விளங்காது என்றார். விளங்கினும், ஏமாந்த காகத்தை எள்ளி, ஏமாற்றிய நரியின் பக்கமே குழந்தை சாரும் என்றார். பாட்டி சுட்ட வடையைக் காகம் கவர்ந்த நம் கதையும் இதனை ஒத்ததே. ஆகவே அவர் கூற்றைப் பிறநாட்டார் பேச்சென்று நாம் ஒதுக்கிவிட இயலாது.

விளங்காததைக் கற்பித்தலாகாது என்னும் அவரது முதற் கூற்று ஏற்கத்தக்கதன்று. பொருள் விளங்கிய பின்னரே பாடவேண்டுமாயின் எந்தத் தாயும் தாலாட்டுப் பாடவியலாது. மொழியே முதலில் ஓசையாகச் செவியிற் புகுந்து, பின்னரே பொருளாக மலர்கின்றது. ஓசையொப்புமையை இனங்காணும் ஆற்றலுக்கும் பிற்கால வாசிப்புத் திறனுக்கும் தொடர்புண்டென 1983இல் பிராட்லி, பிரையன்ற் ஆகியோரின் ஆய்வு காட்டியது. ஆத்திசூடியை முதலில் நாவிற் பதித்து, உரையைப் பின்னர் உணர்த்திய நம் முன்னோர் மரபும் செவியின் இம்முதன்மையை அறிந்ததேயாகும்.

ஆனால் அவரது இரண்டாங் கூற்று அவ்வளவு எளிதில் விலகுவதன்று. நல்லதை நிலைபெறச் செய்யும் அதே எதுகையும் மோனையும் தீயதையும் நிலைபெறச் செய்யும். உடற்குறையையும் நிறத்தையும் சாதியையும் எள்ளும் பாட்டுகள் நம் தெருக்களில் உண்டு. அவற்றைப் பாடும் பிள்ளை எவரையும் வெறுப்பதில்லை, தாளத்தையே விரும்புகின்றது. எனினும் பின்னொருநாள் கால் ஊனமுற்ற ஒருவரைக் காணும்போது, எண்ணம் பிறக்குமுன்பே ஏளனச் சொல் அதன் நாவில் ஆயத்தமாக நிற்கும்.

அவ்வாறாயின் நீதிப் பாட்டுகளை மாத்திரமே கற்பிக்கலாமா? சோவியத் நாட்டில் 1928இல் குரூப்ஸ்காயா அம்மையார், சுக்கோவ்ஸ்கி எழுதிய 'முதலை' என்னும் சிறுவர் பாட்டைப் பொருளற்றதெனக் கண்டித்தார். பொருந்தாதவற்றைப் பாடி மகிழும் குழந்தை, அவை பொருந்தா என அறிந்தே மகிழ்கின்றது என்பது சுக்கோவ்ஸ்கியின் கொள்கை. இது ஈண்டு ஆழ்ந்து நோக்கற்பாலது. முயல் யானையைத் தூக்கிற்று எனப் பாடும் பிள்ளை அது பொய்யென அறியும். ஏளனப் பாட்டிலுள்ள பொய்யையோ அது பொய்யென அறியாது. கேடு விளைப்பது பொருளின்மையன்று, அறியப்படாத பொய்யே.

எனவே, பாட்டைத் தெரிவு செய்தற்கு உரைகல் ஒன்றுண்டு. பாடும் பிள்ளையிடம் இன்று நாம் இசைவு பெறவியலாது. வளர்ந்து பொருளுணரும் நாளில் அப்பிள்ளை நமக்கு அவ்விசைவை வழங்குமா என்று மட்டும் வினவலாம். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் 'கத்தரித் தோட்டத்து வெருளி' இவ்வுரைகல்லில் தேறுகின்றது. இளமையில் வெருளியின் கோலம் நகைப்பூட்டுகின்றது; வளர்ந்தபின், கூலி பெறாது காவல் நிற்கும் ஒருவனின் உருவம் அங்கே தென்படுகின்றது. பொருள் விரிகின்றதேயன்றி எவரையும் புண்படுத்துவதில்லை. மாறாக, மழையைப் போகச் சொல்லும் ஆங்கிலப் பாட்டை எண்ணுக. வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், மாரி மழையால் நிரம்பும் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளை, அதனைத் தனக்கு ஏன் கற்பித்தார்கள் என்று கேட்டால், அயலார் முன் பாடிக்காட்டுவதற்காக என்பதைத் தவிர வேறு விடை நம்மிடம் உண்டா?

பிள்ளை எதையும் ஏற்கும் என்பது நமக்குக் கிடைத்த உரிமையன்று, நம்மீது சுமத்தப்பட்ட கடனாகும். தெரிவு செய்யும் ஆற்றல் அதற்கு இல்லாத காலத்தில், அதன் பொருட்டுத் தெரிவு செய்பவர் பெற்றோரும் ஆசிரியருமே. பாட்டு இனிதா, எளிதா என்று பார்ப்பதோடு அமையாது, நாளை அதன் பொருளை அப்பிள்ளைக்கு நாணமின்றி எடுத்துரைக்க இயலுமா என்றும் அவர்கள் எண்ணிப் பார்ப்பாராக.