ஐந்தாவது குருவி



தை மாதத்து விடியற்காலையில் நமது கடல்நீரேரிக் கரையிலே, தொலைநோக்கியும் குறிப்புக் கொப்பியுமாகச் சிலர் நிற்கக் கண்டால், வேலையற்றவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அவர்கள் பறவைகளைக் கணக்கெடுப்பவர்களாக இருக்கலாம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987ஆம் ஆண்டு தொடங்கியது. ஒவ்வொரு ஜனவரியிலும் நடைபெறுகிறது. அதில் ஈடுபடுவோரிற் பெரும்பாலானோர் கூலி பெறாத தொண்டர்களே.

பூநாரை எத்தனை, உள்ளான் எத்தனை என்று இனம் இனமாக எழுதுவார்கள். சென்ற ஆண்டு எண்ணிய அதே இடத்தில் இவ்வாண்டும் எண்ணினாற்றான் ஓர் இனம் குறைந்து வருவது தெரியும். தெரிந்தாற்றான் காப்பாற்றலாம். எண்ணப்படாதது ஓசையின்றி அழிந்துபோகும்.

இந்த உண்மை நமக்குப் புதிதா? போரிலே எந்தக் கணக்கிலும் சேராமற் போன நம்மவர் எத்தனை பேர்! காணாமற்போன மகனின் படத்தை ஏந்தி நிற்கும் தாயைக் கேளுங்கள். கணக்கில் வராதிருப்பதன் வேதனையை அவள் சொல்வாள்.

ஆண்டவர் இயேசுவின் காலத்துச் சந்தையிலே குருவி விலைப்பட்டது. மத்தேயு நற்செய்தியில் காசுக்கு இரண்டு. லூக்காஸ் நற்செய்தியில் இரண்டு காசுக்கு ஐந்து. அப்படியானால் ஐந்தாவது குருவிக்கு விலையே இல்லை. வியாபாரி இனாமாகப் போட்டது அது. அதனையும் வானகத் தந்தை மறப்பதில்லை என்பதே ஆண்டவரின் போதனை.

மன்னாரிலே ஆய்வாளர் கருவி பொருத்திப் பறக்கவிட்ட கடற்காகங்கள் 2021இல் ருசியாவின் வடகோடிக் கரைவரை சென்று திரும்பின. அத்தனை தூரம் கடந்து வரும் விருந்தாளி நமது கண்ணியிலும் கெற்றப்போலிலும் மாள்வது தகுமா? கூட்டைக் கண்டெடுப்பவன்கூடத் தாய்ப்பறவையைப் போகவிட வேண்டுமென்பது உபாகமம் 22ஆம் அதிகாரத்தின் கட்டளையல்லவா?

சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாயிற்று; 2015இல் தேசிய பூங்காவாயிற்று. சட்டம் எல்லை போடும். காவல் நிற்க மனிதர் வேண்டும். ஆகவே பெற்றோரே, வரும் ஜனவரியில் ஒரு காலையாவது பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். கல்லெறியாமல், கூச்சலிடாமல், பொறுமையாக எண்ணப் பழக்குங்கள். ஐந்தாவது குருவியைக் கவனிக்கக் கற்ற பிள்ளை, அயலிலே எவரும் கணக்கெடாத மனிதனையும் ஒருநாள் கவனிப்பான்.