பேர் வெட்டிய பாத்திரம்

நாமக்கல் பக்கத்து மாக்கல் சட்டிக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. கனிமங்களிலேயே மிக மென்மையான டால்க் நிறைந்த கல் அது. அதனால்தான் அதைக் கடைந்து சட்டியாக்க முடிகிறது. வாங்கி வந்த அன்றே அடுப்பில் ஏற்றினால் விரிசல் விட்டுவிடும். விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவி ஊறவிட்டு, வெயிலில் காயவைத்து, வடித்த கஞ்சியை ஊற்றிச் சிறு தீயில் நாள்கணக்கில் பழக்க வேண்டும். பழகிய சட்டியில் வைத்த புளிக்குழம்பு, அடுப்பை விட்டு இறக்கிய பிறகும் கொஞ்ச நேரம் கொதித்துக்கொண்டே இருக்கும். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் இதை இணையத்தில் வாங்கி, அம்மாயி வீட்டு வாசம் வருகிறது என்கிறார்கள். அந்த ஏக்கம் எனக்கும் உண்டு.

ஆனால் அந்தச் சட்டியைப் பரணில் ஏற்றியவர்களும் அதே அம்மாயிகள்தான். இதை நாம் பேசுவதே இல்லை.

இரும்புக்குப் பேர்போன கஞ்சமலையின் பக்கத்தில் சேலம் உருக்காலை 1980-களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. ஏற்கெனவே வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த எவர்சில்வருக்கு நம் மண்ணிலேயே தகடு உருட்ட ஆரம்பித்தார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டதில் சேந்து கிணறும் அதன் உருளையும் ஓய்ந்தன. பழைய பொருளைச் செய்து தந்ததும் இந்தச் சீமைதான், அதை ஓரங்கட்டிய புதுப்பொருளைத் தந்ததும் இதேதான்.

சின்ன வயதில் ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வந்தால் எங்களுக்குத் திருவிழா. மண்ணில் குழி பறித்துக் கரியைப் போட்டு, துருத்தியால் ஊதிக் கனலாக்குவார். பித்தளைக் குண்டா சூடேறியதும் நவச்சாரத்தைத் தூவுவார். வெள்ளைப் புகை குப்பென்று எழும். ஈயத்தை உள்ளே உரசி, பஞ்சால் ஒரே சுழற்றுச் சுழற்றினால் மஞ்சளாக இருந்த உட்புறம் வெள்ளியாய் மாறிவிடும். அந்தப் புகை நெடி இன்னும் என் மூக்கில் இருக்கிறது. நாங்கள் பார்த்தது அந்த ஒரு நாளை மட்டும். பித்தளையில் ஈயம் தேய்ந்த இடத்தில் புளி பட்டால் களிம்பேறிக் குழம்பு கெடும் என்ற பயம் வருசம் முழுவதும் அம்மாவுக்கு இருந்தது. புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்ததில் அவர் விரல் நுனிகள் எப்போதும் வெடித்திருந்தன. ஆட்டாங்கல்லின் குழவியைச் சுற்றிய தோள், விடியும் முன்னே உலக்கை பிடித்த கை, ஈரத்துணியால் பிடித்து இறக்கிய கல்சட்டியின் கனம், இவையெல்லாம் அவர் உடம்பில் தங்கிய நினைவுகள். நமக்குத் தங்கியதோ நாக்கிலும் மூக்கிலும்.

அதனால்தான் 2011 செப்டம்பரில் அரசு விலையில்லா மிக்ஸியும் கிரைண்டரும் கொடுக்கத் தொடங்கியபோது, எங்கள் ஊரில் ஆட்டாங்கல்லுக்காக யாரும் கண்ணீர் விடவில்லை. அது பொடக்காளி ஓரத்தில் துணி துவைக்கும் கல்லாயிற்று. நியாயம்தான் என்று நினைக்கிறேன். உழைப்பிலிருந்து ஒருத்தி தப்பியதை இழப்பு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் பழையதில் அம்மா எதையுமே பிடித்துவைத்துக்கொள்ளவில்லையா? வைத்துக்கொண்டார். ஒரு எவர்சில்வர் குடத்தை. அழகில்லாத, விளிம்பு நசுங்கிய குடம். அதன் கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாய் உளியால் வெட்டிய அம்மாவின் பேர், கல்யாணத் தேதியோடு.

வீட்டுப் பத்திரங்களை ஒரு நாள் எடுத்து அடுக்கியபோதுதான் அதன் காரணம் எனக்கு உறைத்தது. காட்டுக்கான பட்டா, மின் இணைப்பு, வீட்டு வரி ரசீது எதிலும் அம்மாவின் பேர் இல்லை. தாத்தா பேர், அப்பா பேர், பெரியப்பா பேர். அம்மாவின் பேரைச் சுமந்தவை சீராக வந்த பாத்திரங்கள் மட்டுமே. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்ற தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கல்யாணமாகிப் போன பெண்களுக்கு அது பொருந்தாது என்று அந்தச் சட்டமே சொன்னது. 2005-இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டபோதுதான் அந்த விலக்கு நீங்கியது. அதற்குள் எத்தனையோ குடும்பங்களில் பாகம் பிரித்து முடிந்திருந்தது. அம்மாவின் தலைமுறைக்குப் பிறந்த வீட்டுப் பங்கு என்று கைக்கு வந்தது நகையும், லாரியில் ஏற்றி அனுப்பிய இந்த அண்டா குண்டாவும்தான்.

இப்போது பழைய பாத்திரக் கடைகளின் பக்கம் போனால் குவிந்து கிடக்கும் குடங்களில் பேர்களைப் படிக்கிறேன். பழனியம்மாள், பாவாயி, ராசாத்தி. எடைக்குப் போடப்பட்டு உருக்கக் காத்திருக்கின்றன. ஒரு பெண் ஒரு வீட்டுக்குள் வந்தாள், இன்னதைக் கொண்டுவந்தாள் என்பதற்கு வேறு எந்த ஆவணமும் எழுதப்படாத ஆயிரமாயிரம் வாழ்க்கைகளின் பதிவேடு அந்தக் குவியல். சட்டிக்காக ஏங்குகிற நாம் இந்தப் பேர்களுக்காக ஏங்கியதில்லை. பொருளை நினைத்துக்கொண்டு, அதற்கு உரியவளை மறந்திருக்கிறோம்.

ஒருமுறை குடத்தைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கலாம் என்று அக்கா சொன்னார். அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "ஆட்டாங்கல்லு போனாப் போகுது, அது இந்த ஊட்டுது. இது என்ற பேரு போட்டது கண்ணு" என்றார்.

போன தையில் பேத்தியின் கல்யாணத்துக்கு அந்தக் குடத்தை அவரே கடைக்கு எடுத்துப் போனார். நசுங்கலை நிமிர்த்தி, தன் பேருக்குக் கீழே பேத்தியின் பேரையும் வெட்டச் சொன்னார். கடைக்காரர் பழைய பேரை மெருகு போட்டு அழித்துவிட்டால் எடுப்பாக இருக்கும், இரண்டுக்கும் இடம் பத்தாது என்றார். அம்மா விடவில்லை.

"சின்ன எழுத்தாப் போடுங்க. ரெண்டும் இருக்கோணும்."