வழித்துணையும் தோழமையும்

மனிதரைச் சமமாக்குவதில் மலைப்பாதைக்கு நிகர் வேறில்லை என்று பயணம் போய் வந்தோர் பலரும் கூறுவர். இக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயின் அது எவ்வளவு தூரம் உண்மை என்பதே நாம் இங்கு ஆராய விரும்புவது.

வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் ஆசிரியரும் மேல்வகுப்பு மாணவருமாகப் பதினெண்மர், விடுமுறையொன்றில் கண்டிக்குப் புகையிரதமேறி, ஹந்தானை, கலஹா, லூல்கந்துர என மூன்று நாள் கால்நடையாகச் சென்றோம். கொழும்பில் நம்மிடையே உள்ள இடைவெளிகள் சிறியன அல்ல. காலி வீதியோரத்து மாடி வீட்டாருக்கும் கொட்டாஞ்சேனை முடுக்கில் ஒற்றையறையில் வாழ்வோருக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் அதிகமில்லை. "எந்த ஊர்?" என்று தொடங்கி, "ஊரில் எந்தப் பக்கம்?" என்று தொடர்ந்து, சாதியை அறிந்துகொள்ளும் கலையிலும் நம்மவர் வல்லவர்.

மலையில் இவையெல்லாம் மறைந்தன. செங்குத்தான மேட்டில் ஆசிரியருக்கும் மாணவனுக்கும் மூச்சு ஒரே விதமாகவே வாங்கிற்று. கால் இடறியவரின் சுமையை அடுத்தவர் கேளாமலே எடுத்துக்கொண்டார். இரவில் கூடியிருந்து பாடியபோது எவரும் எவருடைய ஊரையும் வினவவில்லை. "இப்படியே இருந்துவிட்டால் என்ன, சேர்?" என்றான் ஒரு மாணவன். நாமும் அவ்வாறே எண்ணினோம்.

நாம் நடந்த பாதை இன்று 'பீக்கோ' நடைவழியின் ஒரு பகுதி. 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நீளமும் 22 கட்டங்களும் கொண்ட இவ்வழி, பெரும்பாலும் பழைய தோட்டப் பாதைகளை இணைத்தே வகுக்கப்பட்டுள்ளது. லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெயிலர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அவர் அமர்ந்திருந்ததாகக் கூறப்படும் கல்லிருக்கையை இன்றும் காட்டுகின்றனர். ஆயின் அந்த 19 ஏக்கரிலும் காடழித்துக் குழி வெட்டிய கைகள் எவருடையவை? அவர்களுள் ஒருவரின் பெயரையேனும் அங்கு நாம் காணவில்லை.

அவர்களும் நடந்தே வந்தவர்கள். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டோர் பலர். அந்த வருகையின் 200ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து, 2023 யூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை, மலையகத்தவரும் பிறரும் கூட்டாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தனர். அதுவும் கூட்டு நடையே. ஆயின் அவர்கள் நினைவுக்காகவும் உரிமைக்காகவும் நடந்தனர். நாம் காட்சிக்காக நடந்தோம்.

மூன்றாம் நாட் காலை, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு தாயைப் படமெடுக்க நம் மாணவன் ஒருவன் அனுமதி கேட்டான். அவர் கூடையைச் சரிசெய்து நின்றார். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார், சொன்னோம். அவர் முகம் மலர்ந்தது.

"வெள்ளவத்தையாங்க ஐயா? எம் மக அங்கதான் ஒரு வூட்டுல வேலை செய்யுது. பாத்திருக்கீங்களா?"

நாம் விடை கூற இயலாது நின்றோம். பார்த்திருக்கக்கூடும். தேநீர்த் தட்டுடன் வந்து, தலை நிமிராமல் திரும்பிச் செல்லும் பெண்களை எத்தனை வீடுகளில் கண்டிருக்கிறோம்! நம்முள் சிலரின் வீடுகளிலும் அத்தகையோர் உளர். அவர்களுடைய பெயரையோ தோட்டத்தையோ நாம் வினவியதில்லை.

அப்போதுதான் நம் தோழமையின் எல்லை நமக்குப் புலனாயிற்று. நாமே தேர்ந்துகொண்ட பதினெண்மருக்குள் மட்டுமே நாம் சமமாயிருந்தோம். வெளியே நின்றவர் நமக்குக் காட்சியின் ஒரு பகுதி. மூன்று நாட் சமத்துவம் எவரிடமிருந்தும் எதையும் நிரந்தரமாகக் கேட்கவில்லை. ஆதலால் அது எளிதாயிருந்தது.

ஓய்வு தேடிச் செல்வோன் வரலாற்றையும் சுமந்து செல்ல வேண்டுமா என்று நண்பரொருவர் கேட்டார். நியாயமான கேள்வியே. உழைத்துக் களைத்தவனுக்கு மலைக்காற்று குற்றமன்று. ஆயின் அத்தாய்க்கும் அந்த ஓய்வு உரியதன்றோ? 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கான மலையகத்தவரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனக் கணக்கிட்டுப் பங்கிட்டது. அம்மக்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது. ஆயிரம் ரூபா நாட்கூலிக்காக ஆண்டுக்கணக்கில் போராடி, 2021இலேதான் அதைப் பெற்றனர். கொழும்பில் வாழும் நாம் இவற்றையெல்லாம் செய்தியாகப் படித்தோம்; வகுப்பில் பாடமாகவும் சொன்னோம். அவ்வளவே.

இதற்கு இரக்கம் மருந்தாகாது. இரக்கமும் மேலிருந்து எடுக்கும் ஒரு படமே. தம் வட்டத்துக்கு வெளியே நிற்பவரையும் சம மனிதராக ஏற்று, அதனால் தமக்கு வரும் இழப்பையும் ஏற்பதே தோழமை. அதன் சோதனை மலையுச்சியில் நிகழ்வதில்லை. இறங்கி வந்த பின், நம் வீட்டுச் சமையலறை வாயிலிலேயே நிகழ்கிறது. அங்கு வேலை செய்பவளுக்கு நியாயமான ஊதியம் உண்டா? வாரத்தில் ஒருநாள் அவளுக்கென்று உண்டா? படிக்கும் வயதினளாயின் அவள் ஏன் பள்ளியில் இல்லை? ஆசிரியராகிய நாம் முதலில் விடை கூற வேண்டிய வினாக்கள் இவை.

அன்று அத்தாயிடம், "தெரியாது அம்மா" என்று மட்டும் சொல்லி நடந்தோம். அவருடைய மகளின் பெயரையேனும் கேட்டு வந்திருக்கலாம். அதையும் நாம் கேட்கவில்லை.